முப்பிடாதி மதினி வைத்த பேர்

என் அண்ணன் மணிமுத்துவுக்குப் பெண் பார்க்கச் சிவகிரிக்குப் போயிருந்தோம். காப்பித் தட்டோடு வந்த பெண்ணிடம் என் அம்மா பேராச்சி, "சமைக்கத் தெரியுமா?" என்று கேட்டாள். "தெரியும் அத்தை. டூட்டி இருக்க அன்னைக்கு மட்டும் தெரியாது" என்றது பெண். கூடத்தில் இருந்த பெரியவர்கள் சிரிக்கலாமா வேண்டாமா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அதற்காகத் திரும்பி வரும் வழியெல்லாம் அம்மா என்னைத் திட்டினாள். ஆனால் வீடு வந்து சேர்ந்ததும், இந்தப் பெண்தான் வேண்டும் என்று முதலில் சொன்னதும் அவள்தான்.

அப்படித்தான் முப்பிடாதி எனக்கு மதினி ஆனாள். முப்பிடாதி என்பது எங்கள் பக்கத்து அம்மனின் பேர். இப்போதெல்லாம் யாரும் பிள்ளைகளுக்கு அந்தப் பேரை வைப்பதில்லை. அவளுடைய போலீஸ் சட்டையில் இருந்த பேரை எழுத்துக்கூட்டிப் படித்த புது அதிகாரி ஒருவர், "கூப்பிடுறதுக்குச் சின்னதா வேற பேர் இல்லையாம்மா?" என்று கேட்டாராம். "இருக்கது இது ஒண்ணுதான் ஐயா, பழகிருவிய" என்றாளாம். இதை அவளே சொல்லிச் சிரிப்பாள். சிவகிரியில் அவள் அப்பாவுக்கு எலுமிச்சைத் தோட்டம். தோட்டத்து வரப்பில் ஓடி ஓடிப் பழகித்தான் போலீஸ் தேர்வில் ஓடினாள். ஓட்டத்தில் அவளை முந்திய பெண் அன்றைக்கு மைதானத்தில் இல்லை. இதை அவள் சொல்லமாட்டாள், நான்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

கல்யாணத்துக்குப் பிறகு மாற்றல் வாங்கிக்கொண்டு எங்கள் புளியறைக்கே வந்துவிட்டாள். கேரளாவுக்குப் போகிற லாரியெல்லாம் எங்கள் ஊர் வழியாகத்தான் போக வேண்டும். செக்போஸ்ட்டில் நிற்கிற போலீஸ்காரர்களில் டிரைவர்கள் யாரைக் கண்டால் பயப்படுகிறார்கள் என்று ரோட்டோரப் பரோட்டாக் கடையில் விசாரித்துப் பாருங்கள். "ஆ முப்பிடாதி சேச்சி" என்பார்கள் மலையாளத்து டிரைவர்கள். தக்காளிக் கூடைக்கு அடியில் ரேஷன் அரிசி மூட்டையை ஒளித்துக் கொண்டுபோனவனிடம், "தக்காளி என்ன சேட்டா இப்படிக் கனக்குது?" என்று கேட்டு வண்டியை ஓரங்கட்ட வைத்தவள் அவள். எனக்குக் குற்றாலத்தில் டாக்ஸி ஓட்டுகிற தொழில். சீசனில் வரும் சவாரிகளிடம், "எங்க மதினி போலீஸ்" என்று ஐந்தருவி வருவதற்குள் எப்படியாவது சொல்லிவிடுவேன்.

என்னைப் பற்றியும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் நடந்தது விளங்காது. நான் சித்திரை மாதத்தில் பிறந்தவன். நான் பிறந்து, தலை நிற்பதற்குள் என் அப்பா மாடன் செத்துப்போனார். செங்கோட்டையிலிருந்து சைக்கிளில் வந்தவரை லாரி அடித்துவிட்டது. சித்திரையில் ஆண்பிள்ளை பிறந்தால் தகப்பனுக்கு ஆகாது என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. அப்புறம் என்ன, லாரியை எல்லோரும் மறந்துவிட்டார்கள். அப்பனை முழுங்கினவன் என்கிற பேர் எனக்கு நின்றுவிட்டது. அம்மா ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. ஆனால் யாராவது சொல்லும்போது, வாயை மூடு என்றும் சொன்னதில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வருகிறது என்று சொல்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்.

மதினிக்கு முதல் பிள்ளை அபி. சிவகிரியில் தாய்வீட்டில் இருந்து பெற்றாள். தலை இறங்காததால் ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். அபி நடக்கப் பழகிய கொஞ்ச நாளிலேயே மறுபடியும் உண்டாகிவிட்டாள். இரண்டாவது பிரசவம் எங்கள் வீட்டுப் பொறுப்பு. தென்காசியில் டாக்டர் சஃப்ரினிடம் காட்டினோம். கடையநல்லூர்க்காரர், சின்ன வயசு, வளவளவென்று பேசமாட்டார். நான்தான் மதினியைக் கூட்டிக்கொண்டு போனேன், அதனால் அவர் சொன்னது எனக்கும் தெரியும்.

"முப்பிடாதி, போன தடவை போட்ட தையல் வெளியே தோல்ல மட்டும் இல்லை, உள்ளே கர்ப்பப்பையிலயும் இருக்கு. அது ஆறி ரொம்ப நாள் ஆகலை. வலி வந்து கர்ப்பப்பை இறுக ஆரம்பிச்சா, அந்த இடம் கிழியலாம். கிழிஞ்சா உங்களுக்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. அதனால வலி வர்றதுக்கு முன்னாடியே எடுத்திரணும்."

அவர் குறித்துக் கொடுத்த நாள் சித்திரைக் கடைசியில் வந்தது. அங்கேதான் வீட்டில் பூகம்பம். வைகாசி பிறக்க ஒரு சில நாள்தான் இருக்கிறது, அதுவரை பொறுத்தால் என்ன என்றாள் அம்மா. வயிற்றைப் பார்த்தே பையன்தான் என்று அவள் முடிவு கட்டியிருந்தாள். அண்ணன் ராணுவத்தில், காஷ்மீர் எல்லையில் இருந்தான்.

"ஏட்டி, எம் மவன் துப்பாக்கிக்கு முன்னால நிக்கான். எனக்கு ஒரு தடவ போனது போதாதா? வைகாசி ஒண்ணாந்தேதி விடிஞ்சதும் மொத ஆளாப் போயிருவோம்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள்.

அண்ணன் போனில், "அம்மா மனசு நோகாம பாத்துக்கோ முப்பிடாதி, ரெண்டு மூணு நாள்தானே" என்றான். நான் கத்தினேன். டாக்டரை விட உனக்கு அதிகம் தெரியுமா என்று அம்மாவிடம் கேட்டேன். இந்த விஷயத்தில் வீட்டில் என் பேச்சு மட்டும் எடுபடாது என்பது எனக்குத் தெரிந்ததுதான்.

அரிசி மூட்டையை மோப்பம் பிடிக்கிறவள், இதற்கு எப்படிச் சம்மதித்தாள் என்று எனக்கு ஆத்திரம். "ஒங்களுக்கும் அதுல நம்பிக்கை இருக்கா மதினி?" என்று நேராகவே கேட்டுவிட்டேன்.

"நம்பிக்கையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல கொழுந்தனாரே" என்றாள். "ஒங்க அண்ணனுக்கு அங்கன ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னு வையுங்க. அது எதுனால ஆனாலும், ஆயுசுக்கும் எம் பிள்ளையத்தான் சொல்லுவாவ. ஒங்களச் சொல்லுதாவள்ளா, அதப் போல. எம் பிள்ள அதக் கேட்டு வளரக் கூடாது."

நான் பட்ட பாட்டை இந்த வீட்டில் ஒருத்தி கவனித்திருக்கிறாள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

குறித்த நாளுக்கு வரவில்லை என்றதும் டாக்டர் போனில் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். கடைசியில், சின்ன வலி என்றாலும் உடனே வரவேண்டும், ரத்தம் பட்டாலும் வரவேண்டும், வந்த வலி திடீரென்று நின்றுபோனால் ஓடி வரவேண்டும் என்று சொல்லி வைத்தார். மதினி எல்லாவற்றுக்கும் சரி சரி என்றாள்.

வைகாசிக்கு முந்தின நாள். கத்திரி வெயில். அந்த மாதத்தில் குற்றாலத்தில் பாறைதான் இருக்கும், தண்ணீர் இருக்காது. சவாரி இல்லாததால் என் வண்டி வீட்டு வாசல் வேப்பமரத்தடியில் கிடந்தது. காலையில் மதினிக்கு அடிவயிற்றில் விட்டு விட்டு வலி வந்தது. "சூட்டு வலிட்டி. இந்த வெயிலுக்கு யாருக்குத்தான் வராது?" என்று அம்மா சீரகத் தண்ணீர் கொடுத்தாள், தொப்புளில் விளக்கெண்ணெய் தடவிவிட்டாள். உண்மையிலேயே அப்படித்தான் நம்பினாள், பொய் சொல்லவில்லை. பேறுகாலத்துக்கு முன்னால் வந்து வந்து போகும் பொய் வலிக்கு எங்கள் பக்கத்தில் சூட்டு வலி என்றுதான் பேர். அடுத்த நாள் விடிந்தால் வைகாசி என்ற நினைப்பில் அவளுக்கு எல்லா வலியும் சூட்டு வலியாகத் தெரிந்தது.

நான் வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தேன். "மதினி, போவோம்" என்றேன். "இன்னொரு வலி வரட்டும், பாத்துட்டுப் போவோம்" என்றாள். அந்த இன்னொரு வலி வந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவள், யாரோ பிடித்துத் தள்ளியதுபோல் ஓரடி முன்னால் சாய்ந்தாள். பிறகு மெல்லக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"என்னட்டி? வலி எப்படி இருக்கு?" என்று அம்மா கேட்டாள்.

"நின்னுட்டு."

அம்மாவுக்கு முகமெல்லாம் பல். "நான் சொன்னேன்லா? சூட்டு வலிதான். எந்தாயி, இனி நாளைக்குத்தான்" என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

மதினியின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. நெற்றியெல்லாம் வேர்வை. வயிற்றின் ஒரு பக்கத்தில் கையை வைத்துப் பார்த்தாள், மறுபக்கத்தில் வைத்துப் பார்த்தாள். தோள்பட்டையில் ஏனோ குத்துகிறது என்றாள். பிறகு அம்மாவை நிமிர்ந்து பார்த்து, "அத்தை, இது சூட்டு வலி இல்ல. உள்ள என்னமோ கிழிஞ்சிட்டு. கொழுந்தனாரே, வண்டிய எடுங்க" என்றாள். அதட்டவில்லை. ஆனால் லாரியை நிறுத்தும்போது வருகிற அதே குரல். அம்மா ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்து அவளைத் தாங்கி ஏற்றினாள். அபியைப் பக்கத்து வீட்டு அலிமா அக்கா தூக்கிக்கொண்டாள்.

ஆம்புலன்ஸ் செங்கோட்டையிலிருந்து வந்து திரும்புவதற்குள் நாம் தென்காசியே போய்விடலாம். ஆனால் ரோடு அடைத்துக் கிடந்தது. கேரளாவுக்குப் போகிற கல் லாரிகள் ஒரு பக்கம் வரிசையாக நிற்கின்றன. திரும்பி வருகிற காலி லாரிகள் மறுபக்கம். நடுவில் சைக்கிள் போக இடமில்லை. பின்சீட்டில் அம்மா மடியில் தலைவைத்துப் படுத்திருந்தவள் போனை எடுத்தாள். முதலில் டாக்டருக்கு.

"டாக்டர், முப்பிடாதி. காலையிலயிருந்து வலி இருந்துச்சு, இப்ப திடீர்னு நின்னுட்டு. கண்ணு இருட்டுது. தியேட்டர ரெடியா வையுங்க. ரத்தத்துக்கும் சொல்லி வையுங்க. வந்துக்கிட்டே இருக்கேன்."

அடுத்தது ஸ்டேஷனுக்கு. எஸ்.எஸ்.ஐ. சேக் மைதீன் எடுத்தார். "ஐயா, லாரிய எல்லாம் ஒதுக்குங்க. உள்ள நான்தான் கெடக்கேன்" என்றாள். போன் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது.

அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் விசில் சத்தம் கேட்டது. சேக் மைதீன் வேர்க்க விறுவிறுக்க நடுரோட்டில் ஓடி வந்தார். அந்தத் தொந்தியை வைத்துக்கொண்டு அவர் ஓடி நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. டிரைவர்களும் கிளீனர்களும் இறங்கி வந்து, "முப்பிடாதி சேச்சியாணு, வண்டி மாற்று" என்று ஒருவருக்கொருவர் கத்தி, லாரிகளை வயலோரம் வரைக்கும் ஒதுக்கினார்கள். அபராதம் கட்டியவன், கட்டாதவன், எல்லோரும்தான். போலீஸ் ஜீப் முன்னால் போக, நான் பின்னாலேயே விட்டேன். செங்கோட்டை தாண்டும்போது பின்னாலிருந்து ஒரு குரல், "மிதிலே!" என்றது. என்னை அவள் அதுவரை லே போட்டுப் பேசியதே கிடையாது. உயிர் இருக்கிறது என்ற சந்தோஷத்தில் அழுதுகொண்டே மிதித்தேன்.

ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர் சஃப்ரின் தள்ளுவண்டியோடு நின்றார். ஓட்டமும் நடையுமாகக் கூட்டிக்கொண்டு போகும்போதே வயிற்றைத் தொட்டுப் பார்த்தவர், மதினியின் காதருகே குனிந்து, "கிழிஞ்சிருக்கு முப்பிடாதி. தைக்கப் பார்ப்பேன். முடியலைன்னா கர்ப்பப்பையையே எடுக்க வேண்டி வரும். அப்புறம் பிள்ளை பிறக்காது" என்றார். எங்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அவளிடம்தான் கேட்டார்.

"எடுங்க டாக்டர். மொதல்ல எம் பிள்ளைய எடுங்க" என்றாள். கையெழுத்தும் அவளே போட்டாள். கோணல் மாணலாக இருந்தாலும் முழுப் பேரும் இருந்தது.

கதவு மூடியது. அம்மா தரையில் உட்கார்ந்து தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள். "பாவி, நான்தான் கொல்லப் பாத்தேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் தேற்றவில்லை. எனக்குக் கோபம் அடங்கவில்லை. ரத்தம் கொடுக்க ஸ்டேஷனிலிருந்து பாதிப் பேர் வந்துவிட்டார்கள். பரோட்டாக் கடை மாஸ்டரும், பேர் தெரியாத மலையாளத்து கிளீனர் ஒருவனும்கூட வரிசையில் நின்றார்கள்.

பிள்ளையை முதலில் கொண்டு வந்தார்கள். பையன்தான். பிறந்ததும் அழவில்லையாம், மூச்சு ஊதி ஊதித்தான் உயிர்ப்பித்திருக்கிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப் போனவர்கள் போகிற போக்கில் காட்டினார்கள். நஞ்சுக்கொடி பிரிவதற்குள் வந்து சேர்ந்ததால்தான் பிழைத்தான் என்று பிற்பாடு டாக்டர் சொன்னார். அவர் வெளியே வர வெகுநேரம் ஆனது. "கர்ப்பப்பையைக் காப்பாத்த முடியலை. அவங்க இருக்காங்க" என்றார். பிறகு சுவரில் சாய்ந்து நின்று, "வலி நின்னதும் சரியாப் போச்சுன்னு படுத்திருந்தா ரெண்டு பேரும் இல்லை. அந்தம்மா போன் பண்ணின நேரத்துலயே நாங்க எல்லாத்தையும் எடுத்து வச்சிட்டோம்" என்றார். அம்மா அவர் காலில் விழப்போனாள். அவர் பதறிப்போய்ப் பிடித்துக்கொண்டார்.

மதினி கண் விழித்ததும் பிள்ளையைக் கேட்டாள். அடுத்து அண்ணனுக்குப் போன் போட்டாச்சா என்று கேட்டாள். அம்மாவிடம் மட்டும் பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அம்மா கஞ்சி ஆற்றிக் கொடுப்பாள், இவள் வாங்கிக் குடிப்பாள், சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். அவள் ஒன்றும் சாமி இல்லை. ஒருநாள் நான் போனபோது தனியாக அழுதுகொண்டிருந்தாள். "அபிக்கு ஒரு தங்கச்சி வேணும்னு நெனச்சிருந்தேன் கொழுந்தனாரே" என்றாள். நானும் கூட அழுதேன். ஆனால், இனிமே வயிறு திறக்காதே என்று ஒப்பாரி வைக்க வந்த சொந்தக்காரி ஒருத்தியிடம், "ரெண்டு புள்ள இருக்கு, வேலை இருக்கு, உசிரு இருக்கு. வேற என்ன காணோம்னு தேடுதிய?" என்று கேட்டு அனுப்பிவிட்டாள்.

அண்ணன் லீவு போட்டு வந்து சேர்ந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளை வீட்டுக்கு வந்து, பேர் வைக்க நாள் பார்த்தோம். தொட்டில் கட்டி, சொந்தபந்தமெல்லாம் கூடியிருந்தது. அப்பாவின் அண்ணன் பேச்சிமுத்துப் பெரியப்பா நடுநாயகமாக உட்கார்ந்து, "எந் தம்பி பேரு இருக்கவே இருக்கு, மாடன்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். மதினி மட்டும் எழுந்து நின்றாள். நடக்கும்போது இன்னும் வயிற்றில் கை வைத்துக்கொள்வாள். நின்றால் விறைப்பாகத்தான் நிற்பாள்.

"எம் பிள்ளைக்குச் சித்திரைவேல்னு பேரு" என்றாள்.

பெரியப்பாவுக்கு முகம் சிவந்தது. "என்னம்மா பேசுத? நடந்துபோச்சு, ஆண்டவன் புண்ணியத்துல அப்பன்காரன் நல்லாருக்கான். எந்த மாசம்னு ஊரக் கூட்டித் தமுக்கடிக்கணுமாக்கும்? அப்பன முழுங்குத மாசம்லா அது? இந்தா, கண்ணு முன்னால ஒருத்தன் நிக்கானே" என்று என்னைக் கைகாட்டினார்.

நான் வழக்கம்போல் வாசலைப் பார்த்து நடக்கத் திரும்பினேன். "கொழுந்தனாரே, நில்லுங்க" என்றாள் மதினி. நின்றேன்.

"மாமா, ஒங்க தம்பி எப்படிச் செத்தாவ?"

"ஊருக்கே தெரியுமே. லாரி அடிச்சு."

"லாரிய ஓட்டுனது யாரு?"

"கொல்லத்துக்காரன் ஒருத்தன். கண்ணசந்துட்டான், படுபாவி."

"கேஸ் ஆச்சா?"

"ஆகாமையா? செங்கோட்டைக் கோர்ட்டுல நானே சாட்சி சொன்னேன்."

"அப்ப ஒங்களுக்குத் தெரியும்லா. எஃப்.ஐ.ஆர்ல குத்தவாளி யாரு? அந்த லாரிக்காரனா, எங் கொழுந்தனா?"

அண்ணன் எழுந்து வந்து மதினி பக்கத்தில் நின்றுகொண்டு, "அவ சொல்லுத பேருதான் பெரியப்பா" என்றான்.

"லாரிக்காரன்தான்" என்று மெல்ல ஒரு குரல் வந்தது. சுவரோரம் இருந்த அம்மா. "லாரிக்காரன்தான் கொன்னான். எம் மவன் என்ன செஞ்சான், பச்சப்புள்ள." சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். இதைக் கேட்பதற்கு நான் எத்தனை வருஷம் காத்துக் கிடந்தேன் என்று அவளுக்குத் தெரியுமோ என்னவோ.

மதினி தொட்டிலிலிருந்து பிள்ளையை எடுத்து அம்மாவின் கையில் கொடுத்தாள். "நீங்கதான் மொதல்ல கூப்பிடணும் அத்தை" என்றாள். அம்மா அவன் காதில் குனிந்து, மூன்று முறை பேர் சொல்லிக் கூப்பிட்டாள். பிறகு தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். "ஏலே, இங்கன வா. சித்தப்பன்லா, நீயும் கூப்பிடு."

பிள்ளையை வாங்கினேன். சித்திரைவேல் என்றேன், காற்றுத்தான் வந்தது.

"சத்தமாச் சொல்லுங்க கொழுந்தனாரே" என்றாள் மதினி. "ரோட்டுல போற லாரிக்காரனுக்கும் கேக்கணும்."

சத்தமாகவே சொன்னேன்.